வாசலோரத்து இடம்

"...இந்த வாசலோரமே எனக்குப் போதும் டீச்சர், காத்துக்குக் காத்தும் ஆச்சு. நடுவுல வந்து உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்" என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குக் கீழே இருந்த கோணிச்சாக்கின் ஒரு முனையைப் பிடித்து நான் இழுத்துவிட்டேன்.

நான்கு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம் நடந்தது இது. சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், சமுதாயக் கூடத்தில், வாரம் இரண்டு நாள் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு வகுப்பு. விடியுமுன் பூப்பறிக்கப் போனவர்கள், சமையலை முடித்து, மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து சேர அதுதான் தோதான நேரம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடு திண்டுக்கல் டவுனில், மலைக்கோட்டைக்குப் பக்கம். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் இடுப்பு வலி வந்து, குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் போனபோதுதான் யோகா பக்கம் வந்தேன். காந்திகிராமத்துப் பக்கம் ஒருவரிடம் சில மாதங்கள் பயிற்சிக்குப் போனேன். மற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்தும், என் உடம்பிடம் திட்டு வாங்கியும் நானாகக் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய புதிதில் எங்கள் தெரு ஆன்ட்டி ஒருவர், "என்னம்மா, தவம் பண்ணக் காட்டுக்குப் போறியா?" என்று கேட்டார். அதனாலேயோ என்னவோ, என் வகுப்பில் யாரும் சங்கடப்படக் கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். மந்திரம் கிடையாது; மூன்று தடவை மூச்சு விட்டுத் தொடங்குவோம். சேலையோடு வரலாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி, நிற்கத் தடுமாறுகிறவர்களுக்குச் சுவர். முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததை என்னிடம் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆசனங்களின் பெயர் எதுவும் வாயில் நுழையாது. அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். சுவரில் கை ஊன்றிக் குனிந்தால் 'கிணத்தை எட்டிப் பாக்குறது'. இரண்டு கையையும் மேலே நீட்டி நின்றால் 'பஸ் கம்பி'. யார் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. வருகை நோட்டின் பின்பக்கம் முழுக்க அவர்கள் பேச்சுதான் இருக்கும். அதில் பாதி, பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற ஒரு பெண் சொன்னது. வாயைத் திறந்தால் கூடமே சிரிக்கும்.

இத்தனை கலகலப்பிலும் அந்த அக்கா மட்டும் ஒதுங்கியே இருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எல்லாருக்கும் முன்பாக வந்து, வாசல் நிலையை ஒட்டி ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் கொண்டுபோகும் பாய்களைத் தொடமாட்டார். யாராவது தமாஷ் பேசினால் தலையைக் குனிந்துகொள்வார். பாதி வகுப்பில் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டு வருவார்.

நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது. சாக்கு, வாசலோரம், பாயைத் தொடாமை, குனிந்த தலை. இந்த நாலையும் கூட்டி, இவர் ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவைச் சேர்ந்தவர், மற்றவர்களோடு சரிசமமாக உட்காரத் தயங்குகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. என் வகுப்பில் இது நடக்கலாமா என்று உள்ளுக்குள் கொதித்தேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் சாக்கை இழுத்தேன்.

இழுத்து, மடித்து ஒரு மூலையில் வைத்தேன். என்னுடைய சொந்த நீலப் பாயைக் கூடத்தின் நட்ட நடுவில் விரித்தேன். அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதில் உட்காரவைத்தேன். இங்கே எல்லாரும் ஒன்றுதான், முன்னே பின்னே என்று எதுவும் கிடையாது என்று எல்லார் காதிலும் விழும்படி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கும் நானாக ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்துகிற பயிற்சி. எல்லாரும் அப்படி நின்றபோது பால் சொசைட்டிக்காரம்மா ஆரம்பித்தார். "இப்படி நாலு கால்ல நிக்கிறதை எங்க வீட்டுக்காரர் பாத்தார்னா, மாட்டை வித்துப்புட்டு என்னையக் கட்டிப்போட்டுருவாரு."

கூடமே வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். முந்தானையை வாயில் திணித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. இரண்டு முழங்காலையும் சேர்த்துக்கொண்டு பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எழுந்து நின்றபோதும் அவர் எழவில்லை. நான் சும்மா இருந்தேனா? எழுந்திருங்க அக்கா, உங்களால் முடியும் என்று உற்சாகமாக இரண்டு தடவை கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் எல்லாரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா எழுந்தார். நீலப் பாயைக் கையோடு சுருட்டினார். சேலையைப் பின்பக்கம் இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். என்னைத் தாண்டும்போது, பாயைக் கழுவிக் காயப்போட்டுத் தருகிறேன் என்றார்.

நான் அப்போதும் விழித்துக்கொள்ளவில்லை. தான் உட்கார்ந்த பாயை நான் திரும்பத் தொடமாட்டேன் என்று நினைக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். முகம் நிறையச் சிரித்து, கழுவவெல்லாம் வேண்டாம் அக்கா, நான் அதெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்றேன். அவர் அப்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பால் சொசைட்டிக்காரம்மாவிடம் அந்த அக்கா எந்தத் தெரு என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுகளை யாருன்னு நினைச்சீக டீச்சர்? நீங்க நின்னு பாடம் நடத்துற அந்தக் கூடமே அவுக மாமனார் எழுதிக் குடுத்த இடத்துலதான் நிக்குது."

பஸ் வந்து நின்றதும், நான் ஏறியதும், வத்தலக்குண்டு தாண்டியதும் எனக்குத் தெரியாது. ஒரு மனுஷியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவருக்கு ஒரு சாதியைக் கொடுத்து, அதற்கு இரக்கமும் பட்டு, ஊர் முன்னால் ஒரு நாடகமும் போட்டிருக்கிறேன். அது ஒரு வெட்கம். ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வி குடைந்தது. அப்படியானால் அவர் ஏன் அங்கே உட்கார்ந்தார்?

அடுத்த வகுப்புக்குப் போனபோது என் பாய் சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சோப்பு வாசனையும் வெயில் வாசனையும் அடித்தது. அக்கா வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. இரண்டு வாரம் போனது. கோபமாக இருக்கிறார், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று, ஒருநாள் வகுப்பு முடிந்த கையோடு அவர் தோட்டத்துக்கு நடந்தேன்.

சம்பங்கிப் பாத்தி ஓரமாக மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அரிவாளை வைத்துவிட்டு எழுந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நான் நினைத்தது தப்பு, பேசினது அதைவிடத் தப்பு, யாரென்று கேட்காமல் கையைப் பிடித்து இழுத்தது எல்லாவற்றையும்விடத் தப்பு என்றேன். சொல்லச் சொல்ல அவருக்கு ஆச்சரியம்தான் கூடியது. சாதி விஷயமாக நான் அப்படி நினைத்திருப்பேன் என்று அவர் யோசிக்கவே இல்லையாம். வரப்பில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீகள்ல?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

"தும்முனா, இருமுனா, சிரிச்சா நிக்க மாட்டேங்குது டீச்சர். மூணாவது பொறந்ததுல இருந்தே இப்படித்தான். சாக்குன்னா ஊறிக்கிரும், வாசல்னா எந்திரிச்சு ஓடிரலாம். அதுக்குத்தான் அங்கன உக்காந்தேன்."

அவ்வளவுதான் காரணம். நான் இழுத்துப் போட்டது அவருடைய ஒரே பாதுகாப்பை.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாராம். பூப்பறிக்கும்போதும் அப்படியேதான். கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டு வருடக்கணக்காகிறது. பஸ் ஒத்துக்காது, வாந்தி வரும் என்று வீட்டில் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறார்; கணவர் உட்பட எல்லாரும் நம்புகிறார்கள். மூத்த மகளைக் காங்கேயம் பக்கம் கொடுத்திருக்கிறது. கல்யாணம் இந்த ஊரிலேயே நடந்துவிட்டது. மறுவீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மகள் வீட்டுப் படி ஏறியதில்லை. தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை தங்கமானவர், ஒன்றும் கேட்கமாட்டார். மகள்தான் கேட்கிறாள்.

"இப்ப நாலு மாசம் முழுகாம இருக்கா. தையில வளைகாப்பு. பெத்தவ போயி வளையல் போட்டுக் கூட்டியாரணும். நீ வரலைன்னா எனக்கு வளையலே வேணாம்னு போனுல அழுகுறா. நான் என்னத்தைச் சொல்ல?"

இதற்கு ஏதாவது வழி இருக்கும் என்றுதான் யோகா வகுப்புக்கே வந்தாராம். யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. என்றைக்காவது நீங்களாகவே அதைச் சொல்லித் தருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது.

ஏனென்றால் அந்தப் பயிற்சி எனக்குத் தெரியும். தெரியும் என்ன, தினமும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கும் இதே கதைதான். வகுப்புக்கு நான் எப்போதும் கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டைதான் போடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பெண்களுக்கு முழங்கால், முதுகு, கழுத்து என்று ஒவ்வொரு பாகத்துக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். எந்த இடத்தை இறுக்க வேண்டும் என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது என்ற வெட்கம்தான். முடியாததை என்னிடம் சொல்லுங்கள் என்று தினமும் கேட்டவள், தன்னால் முடியாததை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவர் கண்ணை அகல விரித்தார். "நீங்களுமா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. சிரிக்கிற வேகத்தில் இரண்டு பேருமே ஒரே சமயத்தில் சட்டென்று காலைச் சேர்த்துக்கொண்டோம். அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம்.

அன்றைக்கே வரப்பில் உட்கார்ந்தபடி அவருக்குப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் குதிக்கச் சொன்னால் கால் வலி என்கிற பெண், பாதியில் வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்புகிற பெண், எப்போதும் சுவர் ஓரத்தையே பிடித்துக்கொள்கிற பெண். இவர்களும் எனக்காகத்தான் காத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. அக்காவின் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்வதென்றால் என்னுடையதைத்தான் சொல்ல வேண்டும்.

(இதை இப்போது எழுதுவதும் அவரைக் கேட்டுத்தான். பேர் மட்டும் போடாதீர்கள், மற்றதெல்லாம் எழுதுங்கள், படிக்கிறவளுக்கு உதவும் என்றார்.)

அடுத்த வகுப்புக்கு அக்கா வந்தார். அதே இடத்தில், அதே சாக்கில் உட்கார்ந்தார். நான் சாக்கைத் தொடவில்லை. மூன்று மூச்சு முடிந்ததும் இன்றைக்குப் புதிதாக ஒரு பயிற்சி என்று ஆரம்பித்தேன். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தசை இருக்கிறது, அதை இறுக்க வேண்டும் என்றேன். எல்லாரும் பயபக்தியாக வயிற்றை எக்கினார்கள். அது இல்லை, இன்னும் கீழே என்றேன். சிலர் தொடையை இறுக்கினார்கள். ஒருவர் கண்ணை இறுக்கினார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"எந்தத் தசை டீச்சர்? அதுக்கு ஊரு பேரு ஒண்ணும் இல்லையா?" என்று பால் சொசைட்டிக்காரம்மா கேட்டார்.

இனி மழுப்பிப் பயனில்லை. ஒன்றுக்குப் போகும்போது அவசரத்துக்குப் பாதியில் அடக்குவோமே, அப்போது எது இறுகுகிறதோ அதுதான் என்றேன். அதை உள்ளே இழுத்து, மூச்சை அடக்காமல், ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல விட வேண்டும். எதற்கு என்றால், தும்மினால் எனக்குத் துணி நனைகிறது, பல வருடமாக நனைகிறது, இந்தப் பயிற்சி செய்துதான் இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒருத்தர் முகத்தையும் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. முதலில் பேசியது பால் சொசைட்டிக்காரம்மாதான். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் உண்டு டீச்சர் என்றார். சுவரோரத்துப் பெண் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னொருவர். நாற்காலியில் இருந்த பாட்டியம்மா ஒருவர், இதெல்லாம் பிள்ளை பெற்றால் வருவதுதானே, இதற்கு மருந்து உண்டு என்று எவள் சொன்னாள் இத்தனை நாளாக என்று கேட்டார். கடைசியில் கை தூக்காதவர்களைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

"அடி ஆத்தி, நான் சிரிக்க வெச்சு எத்தனை பேரை நனைச்சேனோ" என்று பால் சொசைட்டிக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பாதிப்பேர் காலை இறுக்கிக்கொண்டே சிரித்தார்கள்.

அக்கா அன்றைக்குக் கையைத் தூக்கவில்லை. தலை குனிந்தபடியே இருந்தார். ஆனால் உதடு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்த வாரமே அவரைத் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வேறு கோளாறு இருந்தால் பயிற்சி மட்டும் போதாது அல்லவா. பயப்பட ஒன்றும் இல்லை, ரொம்பப் பேருக்கு இருப்பதுதான், மூன்று மாதம் விடாமல் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்றார் அவர். தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்கு மட்டும் நன்றாகத் திட்டினார்.

ஒரு மாதத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அக்கா சோர்ந்துபோனார். இரண்டாவது மாதம் அவருக்கே சந்தேகமாக ஏதோ கொஞ்சம் தெரிந்தது. பூப்பறிக்கும்போது, பாத்திரம் விளக்கும்போது, சீரியல் பார்க்கும்போது என்று எண்ணிக்கொண்டே இருந்தார். கார்த்திகையில் ஒருநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நிறுத்தத்துக்கே வந்து, நேற்று தும்மினேன் டீச்சர், ஒன்றும் ஆகவில்லை என்று காதோரம் சொன்னார். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம் அது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மூன்று தும்மலில் ஒன்று இன்னும் மோசம் செய்யும். ரொம்ப நேரம் அடக்கவும் முடியாது. மூன்று மணி நேரப் பயணம் என்பது அவருக்கு இன்னும் பெரிய மலைதான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நீங்களும் வந்தே ஆக வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். விடிகாலையில் திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்துச் செம்பட்டியில் போய் நின்றேன். அவர்கள் வேன் வந்தது. உள்ளே பட்டுச்சேலையும் பூவுமாகச் சொந்தக்காரப் பெண்கள், மடியில் வளையல் தட்டு, காலடியில் கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் அக்காவின் அண்ணன், பெண்ணுக்குத் தாய்மாமன். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வளையல் போட்டு முடித்தாக வேண்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அக்காவின் பேச்சு நின்றுவிட்டது. கால் கட்டைவிரலை ஊன்றி இறுக்குவதையும், உதடு எண்ணுவதையும் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி வண்டியை நிறுத்தலாமா, டீ வேண்டும் என்று கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முன்பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அந்தா தெரியுதுல்ல பெட்ரோல் பங்கு, அங்கன வண்டியை ஓரங்கட்டு."

டீசல் நிறைய இருக்கிறதே, எதற்கு என்றார் அண்ணன்.

"ஒண்ணுக்குப் போகணும்ணே" என்றார் அக்கா. பூ விலை சொல்கிற அதே குரல்.

அண்ணன் திரும்பிப் பார்க்காமலேயே, இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே, அடக்கிக்கொள்ள முடியாதா என்று முனகினார்.

"முடியாதுண்ணே. மூணு பெத்த உடம்பு. நிறுத்தச் சொல்லு."

டிரைவர் நிறுத்திவிட்டார். அக்கா கதவைத் திறந்து இறங்கினார். அப்போது பின் சீட்டிலிருந்து அவருடைய நாத்தனார், எனக்கும் இறங்கணும் என்று எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னம்மா. அப்புறம் அந்தச் சின்னம்மாவின் மருமகள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். வளையல் தட்டைக் கைமாற்றிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். எத்தனை கல்யாண வேனில், எத்தனை மணி நேரம் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. நானும் இறங்கினேன்.

"ஏனுங்க, சாவி உள்ள இருக்குதுங்க, இருங்க எடுத்தாரேன்" என்று பங்குப் பையன் ஓடினான். இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. பட்டுச்சேலைகள் வெயிலில் வரிசையாக நின்றன. அண்ணன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் டிரைவரிடம் ஏதோ சொல்ல, அவர் வண்டியை உறும விட்டார்.

ராகு காலத்துக்கு வெகு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம். மகள் கைக்கு முதல் வளையலை அக்காதான் போட்டார். அந்தப் பெண் அழுத அழுகையில் எங்களுக்கும் கண் நிறைந்தது. அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினோம், வழியில் இரண்டு தடவை நிறுத்தி. அதற்கப்புறம் எத்தனையோ ஊரில் வகுப்பு எடுத்துவிட்டேன். ஓரமாக உட்காருகிறவர்களை இப்போது நான் இழுப்பதில்லை; என் கதையை முதலில் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். ஆனால் எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்றால் என்னவென்று யாராவது கேட்டால், வளையலும் வகுப்பும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பெட்ரோல் பங்கில், முதல் ஆளாகத் திரும்பி வந்தும் வண்டிக்குள் உட்காராமல், ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை வேன் படியிலும் வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் என்ன சொன்னாலும் அசையாமல், கடைசிப் பெண் வந்து ஏறும்வரை அந்த அக்கா நின்றாரே, அதுதான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.